ஆறரை மணி இரைச்சல்

மின்விசிறியை நிறுத்திவிட்டு அம்புஜவல்லி தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஆதிநாராயணன் நிமிர்ந்து, ஓய்ந்துகொண்டிருந்த இறக்கைகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எதுக்கு நிறுத்தன?"

"அதோட சத்தம் நீங்க பேசறதுமேல வந்து வுழுதுங்க. இப்ப சொல்லுங்க, தெளிவா கேக்குது."

"என்னத்தச் சொல்றது?"

"எதையாவது."

சித்திரை மாதத்துச் சாயங்காலம். வீட்டுக்குள் காற்று அசையவில்லை. அவர் பனியனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டார். அது அவள் காதுக் கருவியில் புறாக் கூட்டம் ஒன்று சேர்ந்து எழும்புவதுபோல் விழுந்தது.

"அந்தப் பேப்பரையும் கொஞ்சம் வெச்சிடுங்களேன்."

வைத்துவிட்டார். எழுந்தும் விட்டார்.

"வெளிய கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வரேன்."

இந்த ஒரு வாக்கியம் மட்டும் ஒரு எழுத்துகூடச் சிதறாமல் அவளுக்குக் கேட்டது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

அந்த நாற்காலிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அம்புஜவல்லிக்குக் காது நன்றாகக் கேட்ட காலத்தில், கல்யாணமான நாளிலிருந்து ஆதிநாராயணன் அவளிடம் பேசியதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், விருத்தாசலம் ஜங்ஷனில் ஒரு ரயிலுக்குச் செய்யும் அறிவிப்பு அளவுக்குத்தான் வரும். அதிலும் தாமதத்துக்கு வருந்துகிறோம் என்கிற வரி இருக்காது. பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூளை மேஸ்திரி. வருவார், சாப்பிடுவார், படுப்பார்.

பிறகு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது இரண்டு காதுகளையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிற்று. அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுத அந்த மாதத்தில்தான், ஒருநாள் சாயங்காலம் ஆதிநாராயணன் குளித்துவிட்டு வந்து, நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. அவருடைய மீசை மேலுதட்டை முழுக்க மூடிக் கீழுதட்டிலும் பாதியை வளைத்துக்கொண்டிருந்தது. ஆனால் கண்கள் சிரித்தன. தலையை ஆட்டி ஆட்டி, விரலை மடக்கி மடக்கி, ஒரு மணி நேரம் பேசினார். மறுநாளும் பேசினார். அதற்கடுத்த நாளும். ஐந்து வருஷம் இப்படி.

மகன் நிலவன் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்தான். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். உப்பு, புளி, கரண்ட் பில் போன்ற விஷயங்களை நிலவனுடைய பழைய சிலேட்டில் அவர் எழுதிக் காட்டுவார். அந்தச் சாயங்காலப் பேச்சை மட்டும் எழுதியதில்லை. ஒருமுறை அவள் சிலேட்டை நீட்டி, என்ன சொல்கிறீர்கள் என்று சைகையால் கேட்டாள். அவர் சிறிது யோசித்து, "பொதுவா" என்று எழுதினார்.

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. மீசைக்குக் கீழே அவளே வார்த்தைகளை வைத்துக்கொண்டாள். இன்றைக்குச் சூளை விஷயம் பேசுகிறார். இன்றைக்குச் செத்துப்போன தன் அம்மாவைப் பற்றிப் பேசுகிறார். முகத்தைச் சுளித்துக்கொண்டு பேசிய ஒருநாள், அவளுடைய அப்பா இறந்தபோது வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தாமதமாகக் கூட்டிப்போனதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று அவளாகவே முடிவு செய்தாள். அவர் முழங்காலில் கைவைத்து, பரவாயில்லை என்று தலையசைத்தாள். இன்னொரு நாள் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்னவென்று தெரியாமல் அவளும் கூடச் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து அவருக்கு இன்னும் சிரிப்பு வந்தது. காது போனதற்குப் பதிலாக ஒரு புருஷன் கிடைத்திருக்கிறான் என்று அன்று இரவு நினைத்துக்கொண்டாள். உறவில் ஒரு கல்யாணம் என்றால் போதும், "என்ன பேசறாருன்னே தெரியாது. ஆனா ஒருநாள் தவறமாட்டாரு" என்று எல்லோரிடமும் சொல்லுவாள்.

அவளுடைய அண்ணன் சாமிதுரைதான், காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டு வந்து ஒற்றைக்காலில் நின்றார்.

"அவளுக்கு இப்ப என்னா கொற மச்சான்? நிம்மதியா இருக்கா. நானும் நிம்மதியா இருக்கேன்" என்றார் ஆதிநாராயணன்.

எவ்வளவு பெரிய மனசு என்று சாமிதுரை கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு தங்கையைச் சென்னைக்குக் கூட்டிப்போய்விட்டார்.

தலைக்குள் ஒரு பகுதி, காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு பகுதி. வெளிப்பகுதியை மாட்டி முதன்முதலில் இயக்கிய நாளில், உலகம் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவதுபோல் கேட்டது. பழகப் பழகக் கூழாங்கல்லுக்குள்ளிருந்து பேச்சு வரும் என்று, கருவியைச் சரிபார்க்கும் காவியா மேடம் சொன்னாள். ஆதிநாராயணன் அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாமே கேக்குமாம்மா?"

"போகப்போகக் கேக்கும் சார்."

"எல்லாமேன்னா... எல்லாமேவா?"

அந்த ஆவலைக் கண்டு காவியாவே சிரித்துவிட்டாள்.

அன்று ஊர் திரும்பியவர்தான். அதற்குப் பிறகு சாயங்கால நாற்காலியில் உட்காருவார், டீயைக் குடிப்பார், தம்ளரைக் கீழே வைப்பார். கேட்டதற்குப் பதில் வரும், அவ்வளவுதான். தான் "ஆங்? ஆங்?" என்று கேட்டுக் கேட்டு அவருக்குச் சலித்துவிட்டது என்று அம்புஜவல்லி நினைத்தாள். கேட்காதவளிடம் பேசிவிடலாம், அரைகுறையாகக் கேட்கிறவளிடம் பேசுவதுதான் கஷ்டம். தன்மேல்தான் தப்பு. அவர் பேச ஆரம்பிக்கும் நாளில் ஒரு சொல்கூடத் தவறாமல் வாங்கிக்கொள்ளும்படி காதைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்த ஐந்து வருஷப் பேச்சில் ஒரு நாள் பேச்சையாவது கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தானே மண்டையைத் திறக்கச் சம்மதித்தாள்?

காவியா அடுத்த முறை பரிசோதித்துவிட்டு, "கருவி நல்லா வேல செய்யுதும்மா. ஆனா எது பேச்சு, எது இரைச்சல்னு பிரிக்கிறதுல அது கொஞ்சம் மந்தம். நீங்கதான் ஒத்தாசை பண்ணணும்" என்றாள். "ஃபேன், டி.வி., ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் நிறுத்திப் பாருங்க. பேசறவங்க நேரா, மூணடிக்குள்ள உக்காரணும். அப்பறம், உங்க வீட்டுச் செவுரு எப்படி?"

அம்புஜவல்லி பெருமையாகச் சொன்னாள். ஆதிநாராயணன் கம்பெனி மூலமாக வாங்கிய, ஓரம் கோணிய இரண்டாம் தர டைல்ஸ். கூடத்தில் தரையிலிருந்து உத்தரம்வரை பளபளவென்று ஒட்டியிருந்தது.

"அய்யய்ய. பேச்சு அதுல மோதி மோதித் திரும்பி வருமே. துணி, சாக்குன்னு எதையாவது தொங்க விடுங்க."

மின்விசிறியை நிறுத்தியதில் அவர் தெருவுக்குப் போய்விட்டார் என்பதால், அம்புஜவல்லி அடுத்ததாகச் சுவரைப் பிடித்தாள். தொழிற்பேட்டையில் களிமண் வந்த காலிச் சாக்குகள் கிடைத்தன. நான்கு சுவரிலும் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். வீடு நெல் கிடங்கு மாதிரி ஆயிற்று. ஆனால் எதிரொலி அடங்கிவிட்டது. தன் புடவை உரசும் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. மின்விசிறியையும் பெரிய மனதோடு ஒன்றாம் எண்ணில் வைத்தாள்.

ஆதிநாராயணன் வந்தார். உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். தும்மினார்.

சாக்கிலிருந்த களிமண் தூசு ஒன்றாம் எண் காற்றுக்கு மெதுவாகக் கிளம்பி அவர் மூக்கைத் தேடி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தும்மலும் அவள் தலைக்குள் பட்டாசுக் கட்டுபோல வெடித்தது. ஒரு மணி நேரமும் தும்மினார். அந்த ஐந்து வருஷப் பேச்சுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அவளுக்காக இடைவிடாமல் வந்த சத்தம் அதுதான்.

"நாள் முழுக்க அங்க மண்ணத் தின்னுட்டு வரேன். வூட்டுலயும் அதையே தொங்க விட்டிருக்கியே" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்குப் போனார். கடை மூடும் நேரம்வரை திரும்பவில்லை.

சாக்கைக் கழற்றிவிட்டுப் புடவைகளையும் ஜமுக்காளங்களையும் தொங்கவிட்டாள். சனிக்கிழமை வந்த நிலவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"என்னம்மா, வூட்டுல கூத்து கட்டப் போறீங்களா?"

"உங்கப்பா பேசறது சரியா கேக்கணும்டா."

"அவரு எங்க பேசறாரு? எங்கிட்ட ஃபோன்ல ரெண்டு தடவ சரி சரின்னுவாரு. மூணாவது சரிக்கு ஃபோன வெச்சிடுவாரு."

"உனக்குத் தெரியாது. எனக்குக் காது போயிருந்தப்ப ஒரு மணி நேரம் பேசுவாரு."

நிலவன் புடவையை விலக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான். "காது போயிருந்தப்பவா?" என்றான். பிறகு சோறு போடச் சொன்னான்.

அடுத்து குளிர்சாதனப் பெட்டி. அதன் உறுமல் சன்னமானதுதான், ஆனால் ஆட்களின் பேச்சுக்குச் சரியாகக் கீழே வந்து படுத்துக்கொள்ளும். சாயங்காலம் அதன் வயரைப் பிடுங்கினாள். மறுபடி மாட்ட மறந்தாள். மறுநாள் பால் திரிந்துவிட்டது. டீ இல்லை. ஆதிநாராயணன் எந்தக் கோபமும் காட்டாமல், சொல்லப்போனால் கொஞ்சம் சுறுசுறுப்பாகவே, சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். அந்தக் கடை டீ அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

பிறகு சுவர்க் கடிகாரம். அதன் ஒவ்வொரு டிக்கும் யாரோ நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல் இருந்ததால் பேட்டரியைக் கழற்றினாள். மறுநாள் காலை, ஆறரையிலேயே நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகக் குளித்துக்கொண்டிருந்தார் ஆதிநாராயணன். அவர் போய்ச் சேருவதற்குள் சூளையில் தீயைக் குறைக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஒரு சூளை பிள்ளையார் பொம்மைகள் மொத்தமும் தும்பிக்கையில் வெடிப்போடு வெளியே வந்தன. அந்த வாரம் முழுக்கச் சாயங்காலமும் இருந்து வேலை பார்க்கும்படி முதலாளி சொல்லிவிட்டார்.

அம்புஜவல்லி எதிர் நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வீடு இப்போது அருமையாக இருந்தது. பக்கத்து வீட்டில் தினமும் ஆறரைக்குக் கிளம்பும் கிரைண்டர் ஓய்ந்துவிட்டால் ஊசி விழுவதுகூடக் கேட்கும். முதலில் அவரைத் தெருவுக்கு அனுப்பினாள், பிறகு மருந்துக்கடைக்கு, பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு, இப்போது கம்பெனிக்கே அனுப்பிவிட்டாள். இரைச்சலைக் குறைக்கக் குறைக்க அந்த மனிதரும் குறைந்துகொண்டே வருகிறாரே என்று தோன்றியது. அந்த எண்ணம் பிடிக்கவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரத்தைக் கழுவினாள். கழுவுகிற சத்தம் அவளையே அடித்தது.

வாரம் முடிந்து அவர் நேரத்தோடு வீடு திரும்பிய அன்று, அவளுக்கு மின்வாரியம் உதவியது. அந்த வருஷம் ஊர் முழுக்க மின்வெட்டை ஏசிக்கொண்டிருந்தது. அவள் ஒருத்திதான் அதற்காகக் காத்திருந்தாள். விளக்கணைந்ததும் தெருவில் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. அவள் அரிக்கேன் விளக்கை அவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி வைத்தாள். நாற்காலியை மூன்றடிக்குள் நகர்த்தினாள். வாசல் கதவையும் சாத்தினாள்.

"என்ன அம்புஜம் இது, போலீசு ஸ்டேஷன் மாதிரி?"

கேட்டது. அத்தனையும் கேட்டது. குரலில் இருந்த லேசான கரகரப்புகூட.

"பேசுங்க."

"என்ன பேசறது?"

"முன்ன பேசுவீங்களே. எனக்குக் காது கேக்காதப்ப. அதுல ஏதாவது ஒண்ணு."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காதுக்குப் பின்னாலிருந்த கருவியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்குது?"

"தெனம் பேசனதாச்சேங்க. ஒண்ணுகூடவா ஞாபகம் இல்ல?"

"சும்மா... பொதுவாத்தான்."

"அந்தப் பொதுவையே சொல்லுங்க."

அவருடைய நெற்றியில் வியர்வை திரண்டது. வாய் இரண்டு முறை திறந்து மூடியது. அவருக்குக் கூச்சமாக இருக்கிறது என்று அவள் நினைத்தாள். மனதிலிருப்பதைக் காது கேட்கிறவளிடம் சொல்ல இந்த வயதிலும் கூச்சப்படுகிறார். அவள் குனிந்து அவர் முழங்காலில் கைவைத்தாள்.

அந்தக் கணத்தில் மின்சாரம் வந்தது. வந்த மறுநொடியே பக்கத்து வீட்டில், பொதுச் சுவருக்கு அந்தப் புறம், பாஞ்சாலையின் கிரைண்டர் கடகடவென்று கிளம்பியது. கல்லும் மாவும் மோட்டாரும் சேர்ந்து சுவரைத் துளைத்துக்கொண்டு அவள் தலைக்குள் வந்து சுற்றின.

ஆதிநாராயணன் துள்ளி எழுந்தார்.

"பாத்தியா? கிரைண்டரப் போட்டுட்டா. இனிமே உனக்கு ஒரு எழவும் புரியாது. இன்னொரு நாளு பாப்போம்."

முகம் முழுக்க விடுதலையோடு அவர் படியிறங்கினார். அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வாய்வரை வந்ததைக் கெடுத்துவிட்டாளே என்று பாஞ்சாலைமேல் வந்தது.

மறுநாள் காலை, அவர் வேலைக்குப் போனதும், கொல்லைப்புறம் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். இட்லி மாவு அரைத்து விற்கும் பாஞ்சாலை கிரைண்டர் கல்லை வெளியே எடுத்துவைத்து, தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. மாவு வேணுமா?"

"மாவு வேணாம். ஒரு ஒத்தாச வேணும். சாயங்காலம் ஆறரைலேர்ந்து ஒரு மணி நேரம் இந்தக் கிரைண்டரப் போடாம இருக்க முடியுமா?"

வியாபாரம், வாடிக்கை என்று சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்துப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தாள். பாஞ்சாலை சாதாரணமாக நிமிர்ந்தாள்.

"அதுக்கென்னக்கா, மத்தியானமே அரைச்சிடறேன். எனக்கு மத்தியானந்தான் வசதி."

"வசதின்னா பின்ன ஏன் இத்தன நாளு அந்த நேரத்துல போட்ட?"

"பழகிப்போச்சு. வுடுங்க. இனிமே போடல."

இவ்வளவு சுலபமாக முடிந்ததில் அம்புஜவல்லிக்கு மனம் பொங்கிவிட்டது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது.

"உனக்குத் தெரியாது பாஞ்சால. எனக்குக் காது போயிருந்த அஞ்சு வருஷமும் அந்த நேரத்துலதான் எங்க வூட்டுக்காரரு எதிர்ல உக்காந்து பேசுவாரு. கேக்காதுன்னு தெரிஞ்சும் பேசுவாரு. எந்தப் பொம்பளைக்கு அப்படிக் கெடைக்கும், சொல்லு? ஒருநாள், ஒரே ஒருநாள், அந்தப் பேச்ச நான் காதால கேட்டுப்புடணும். மறுபடி ஆரம்பிப்பாரு. அதுக்குத்தான் உங்கிட்ட வந்து கெஞ்சறேன்."

பாஞ்சாலையின் கை கல்லின்மேல் நின்றது.

"மறுபடி ஆரம்பிப்பாருன்னா சொல்றீங்க?"

"ஆரம்பிப்பாரு. சத்தமில்லாம இருந்தா நிச்சயம் ஆரம்பிப்பாரு."

"அப்ப என்னால நிறுத்த முடியாதுக்கா."

"இப்பத்தானே போடலன்னு சொன்ன?"

"இப்ப அவரு பேசறதில்லையேன்னுதான் அப்படிச் சொன்னேன். மறுபடி பேசுவாருன்னா நான் போட்டுத்தான் ஆவணும்."

"ஏண்டி, அவரு தம் பொண்டாட்டிகிட்ட பேசறாரு. உனக்கு என்ன நோவுது?"

பாஞ்சாலை குழாயை மூடினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து அவளுக்கு நேர் எதிரே நின்றாள். மூன்றடிகூட இருக்காது. கொல்லையில் காற்றில்லை. வேப்பமரத்தில் காக்கைகூட இல்லை. காவியா மேடம் சொன்ன எல்லாமும் அங்கே அப்படியே அமைந்திருந்தன. பாஞ்சாலை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"உங்க வூட்டுக்காரரு உங்க எதிர்ல உக்காந்து சிரிச்சிக்கிட்டே உங்களத் திட்டுன வார்த்தையெல்லாம் எங்க சின்னது கேட்டுட்டுப் போயி ஸ்கூலுல சொல்லி ஒத வாங்கிட்டு வந்துச்சுக்கா, அன்னியிலேர்ந்துதான் நான் அந்த நேரத்துக்குக் கிரைண்டரப் போடறேன்."